கழுகின் இறகடியில் ஒரு கோடு

1974 மார்ச் 12, செவ்வாய்

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பழங்காசு சேர்ப்போர் சங்கக் கூட்டம். முடிதிருத்தும் மெர்ல், 1827-ஆம் வருடத்து வெள்ளி அரை டாலர் ஒன்றைக் கொண்டுவந்தான். பின்பக்கத்துக் கழுகின் இறகடியில் ஒரு சின்னக் கோடு. எழுத்துகளின் இடைவெளியும் காசு வகைகளைப் பட்டியலிடும் புத்தகத்தில் உள்ள எந்த அச்சோடும் ஒத்துவரவில்லை.

"புது அச்சா இருக்குமோ, எல்வுட்? நீ சொன்னா சரி."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"கத்திக் கீறல்டா. சவரக்கத்திய காசு மேலயும் ஓட்டினியா?"

சிரித்தார்கள். மெர்லும் சிரித்தான்.

மார்ச் 13

கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். அச்சிலேயே கோடு விழுந்திருந்தால் காசில் மேடாக எழும். அது மேடாகத்தான் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

ஏன்? முப்பத்தொரு வருடமாகத் தேடுகிறேன். புது வகை ஒன்றுகூட என் கையில் சிக்கியதில்லை. அவன் சேர்க்கத் தொடங்கியே நாலு வருடம்தான்.

மார்ச் 20

நாளை மெர்லிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 29

போகவில்லை. முடிவெட்ட வேறு கடைக்குப் போனேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மெர்லின் மனைவி அர்லீன் சங்கத்துக்கு ஆப்பிள் பை செய்து கொண்டுவந்தாள். கையை நீட்டிக் காட்டினாள் — மணிக்கட்டுச் சங்கிலியில் அந்தக் காசு. விளிம்பில் துளை.

"கீறல் விழுந்த காசுதானேன்னு ஓட்டை போட்டு, கல்யாண நாளுக்கு மாட்டிக் குடுத்தாரு. நல்லாருக்குல்ல?"

நல்லா இருக்கு என்றேன். துளை போட்ட காசுக்கு இனி மதிப்பில்லை. கடவுளே, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன்!

ஏப்ரல் 11

மெர்ல் கடையில் ஒருவருக்கு நுரை பூசிக்கொண்டிருந்தான். அவர் போகும்வரை காத்திருந்து, அது கீறல் இல்லை, புது அச்சு என்று சொன்னேன்.

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டா?"

"பொறாமை, மெர்ல்."

துண்டை மடித்தான். பிரித்து மறுபடி மடித்தான். "அர்லீன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சங்கத்துல சொல்லு. அன்னைக்குச் சிரிச்சாங்களே, அதே ஆளுங்க முன்னாடி."

மே 14, செவ்வாய்

எழுந்து நின்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. புது அச்சைக் கண்டுபிடித்தவன் மெர்ல் என்று காசு சேர்ப்போர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தை வாசித்தேன். காசைக் கழற்றித் தர அர்லீன் மறுத்துவிட்டாள். மணிக்கட்டோடு சேர்த்தே படம் எடுத்திருக்கிறேன். மெர்ல் ஒருமுறை தலையாட்டினான். அவ்வளவுதான்.

ஜூன் 11, செவ்வாய்

தங்கள் காசுகளின் தரம் பார்க்கச் சொல்லி வழக்கமாக என் மேஜை முன் நாலைந்து பேர் நிற்பார்கள். இன்று ஒருவருமில்லை.

கடைசியில் மெர்ல் வந்து எதிரே உட்கார்ந்து ஒரு காசை நகர்த்தினான். தேய்மானம் குறைவு, காசிலுள்ள பெண்ணுருவின் தொப்பி மடிப்பு தெளிவு, எவரோ ஒருமுறை தேய்த்துத் துடைத்திருக்கிறார்கள், தெரிந்த அச்சுதான் — பார்த்ததைச் சொன்னேன்.

"ம்ம்" என்று கேட்டுக்கொண்டான். பிறகு தன் பூதக்கண்ணாடியை எடுத்து, அவனே ஒருமுறை பார்த்தான்.