இணை எழுத்தாளரின் ஒப்புதல்

மார்ச் 3

அன்புள்ள குருவி,

வேலை போனதற்கு அழுதுகொண்டு உட்காராதே. நான் பண்ணுவதையே நீயும் பண்ணு. மென்பொருள் கருவி விற்கும் கம்பெனிகள் தங்கள் தளத்துக்கு நம்மைப் போன்ற டெவலப்பர்களையே எழுதச் சொல்லிக் காசு கொடுக்கிறார்கள். தளத்தின் அடியில் ‘எங்களுக்கு எழுதுங்கள்’ என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைத் தேடு. முழுக் கட்டுரையும் அனுப்பிவிடாதே. தலைப்பும் பத்து வரிச் சுருக்கமும் போதும். நீயே கையைச் சுட்டுக்கொண்ட விஷயமாக இருக்கட்டும், அதைத்தான் வாங்குவார்கள். நம் பழைய ஆபீசில் பயன்படுத்திய கருவிக்காரர்களிடமே ஆரம்பி. நான் இன்னும் அங்கே அனுப்பியதில்லை.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன் வாத்து

மார்ச் 19

அன்புள்ள வாத்து,

சுருக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்! முழுக் கட்டுரையையும் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகாமல் தடுத்தோமே, அந்த நிரலைப் பற்றித்தான் எழுதினேன். எடிட்டருக்குப் பெயரே இல்லை. ஓரத்தில் குறிப்பு மட்டும் போடுகிறார். கட்டுரை முழுக்க ஒரே ஒரு குறிப்பு: ‘இதை முதலில் எழுதியவர் யார்?’

நம் டீமில் ‘தாடி’ என்று கூப்பிடுவோமே, அவன் நான்கு நாள் காய்ச்சலோடு எழுதியது அது. மீட்டிங்கில் நான் எழுந்து என்னுடையது என்றேன். நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். அவன் ஒன்றுமே செய்யவில்லை என்று மறுவாரம் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். என்ன பதில் போடட்டும்?

குருவி

மார்ச் 26

அடி பைத்தியமே,

எல்லா எடிட்டரும் கேட்பதுதான். தாடி உடம்பு முடியாமல் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. நம் இரண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? நிரலில் அவன் வைத்த வேரியபிள் பெயர்களை மாற்றித் திருப்பி அனுப்பு. நடந்ததைக் கிளறாதே.

வாத்து

ஏப்ரல் 11

அன்புள்ள வாத்து,

நீ சொன்னபடி பெயர்களை மாற்றினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. எல்லாப் பெயரும் பழையபடியே இருந்தது. கூடவே ‘குருவிமூளை’ என்று ஒன்று. என்னைக் கிண்டல் செய்ய தாடி வைத்த பெயர் அது. அன்றைக்கே என் கண் முன்னால் அழித்துவிட்டான். வேறு யாரும் பார்த்ததில்லை, நீயும் கூட.

இணை எழுத்தாளர் என்று அவன் பெயரைப் போட்டேன். அந்தப் படிவம் மின்னஞ்சல் முகவரி கேட்டது. அவனுடைய பழைய முகவரியைக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பதில்: ‘இணை எழுத்தாளரின் ஒப்புதல் கிடைத்தது. நன்றி.’

அவனுடைய அக்காவைப் போய்ப் பார்த்தேன். அந்த முகவரியை அவன் இறந்த மாதமே மூடிவிட்டார்களாம். நடந்ததை எல்லாம் கொட்டி அழுதேன். காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: “உன் மேல அவனுக்கு அவ்வளவா கோபம் இல்லம்மா. பயந்துட்டா, பாவம்னு சொல்வான். எல்லாம் தெரிஞ்சும் சும்மா உக்காந்திருந்தாளே இன்னொரு பொண்ணு, அதைத்தான் அவனால தாங்க முடியல. கடைசி வரைக்கும் ‘அவ ஏன் சொல்லல’ன்னு கேட்டுட்டிருந்தான்.”

உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீயும் ஒரு தடவை அவரைப் போய்ப் பாரேன், வாத்து. நான் கூட வருகிறேன்.

குருவி

ஏப்ரல் 20

குருவி,

உன் கடிதம் வந்த அன்று காலையிலேயே அந்தத் தளத்திலிருந்து எனக்கும் ஒரு மெயில் வந்தது. நான் அவர்களுக்கு ஒரு வரிகூட அனுப்பியதில்லை. ‘உங்கள் கட்டுரையில் ஒரு குறிப்பு காத்திருக்கிறது’ என்கிறது. தினமும் காலையில் அதே மெயில் வருகிறது. அழித்தாலும் வருகிறது. ஆபீசில் சுற்றிலும் ஆட்கள், ஜன்னல் முழுக்க வெயில். நான் மட்டும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் திறக்கப் போவதில்லை. அன்று நான் வாயைத் திறந்திருந்தால் அவன் வேலையில் இருந்திருப்பான். அது எனக்குத் தெரியும். யாரும் ஓரத்தில் எழுதிக் காட்ட வேண்டாம்.

எனக்கு இனிமேல் கடிதம் போடாதே.