நான் வெளுத்துக் கொடுத்த பற்கள்

என் சிநேகிதனே,

இன்று காலை உன் மனைவி என் நகைப் பட்டறைக்கு வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த உன் கல்யாண மோதிரத்தை அவிழ்த்து என் கையில் வைத்து, மங்கிப் போய்விட்டது, கொஞ்சம் துலக்கித் தர முடியுமா என்று கேட்டாள். பழக்கத்தில் என் கை திராவகப் புட்டியின் மூடியைத் திறந்துவிட்டது. அந்தக் காட்டமான நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாய், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

அப்படிப் பொத்துவது உன் வழக்கம். வெற்றிலையைத் தொடாத ஆள் நீ. பிறந்த ஊர்த் தண்ணீர் கொடுத்த பழுப்புக் கறை முன்பற்களில் கோடு கோடாகக் கிடந்தது. கப்பல் ஆபீசில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டு. பாடும்போதுகூட வாயைப் பாதிதான் திறப்பாய். ஈ புகுந்துவிடுமோ என்று பயப்படுகிறான் பார் என்று நான் கேலி செய்வேன். கடல் தாண்டி நாகப்பட்டினத்தில் பெண் பேசியபோது நீ அனுப்பிய படத்திலும் வாய் இறுக மூடியிருந்தது. அவள் தன் அண்ணனோடு கப்பலேறிவிட்டதாகத் தந்தி வந்தது. ஏமாற்றிவிட்டோம் என்று நினைப்பாளே என்று புலம்பினாய்.

நீ முதலில் போனது சரியான இடத்துக்குத்தான். பல் வைத்தியர் பார்த்துவிட்டு, கறை பல்லுக்குள்ளேயே ஊறியிருக்கிறது என்றாராம். நுரைக்கல் தூளால் மெல்லத் தேய்த்துப் பார்க்கலாம், அதற்கும் போகாத பல்லுக்குப் பீங்கான் உறை போடலாம், ஆனால் ஆறு வாரமாவது ஆகும், அவசரப்பட்டால் பல் கெட்டுவிடும் என்றாராம். கப்பல் வர ஒரு வாரம்தான் இருந்தது. அங்கிருந்து நேராகக் குயின் ஸ்திரீட்டில் என் பட்டறைக்கு வந்து சொன்னாய். நான் சிரித்தேன். நெருப்பில் கறுத்த தங்கத்தைத் திராவகத்தில் முக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் நிறம் வந்துவிடுகிறது.

"தங்கத்துக்கே ஆகுது, உன் பல்லுக்கு ஆகாதாடா?" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. தொழில் தெரிந்தவன் என்கிற திமிர்.

உன் உதட்டில் வெண்ணெய் தடவினேன். திராவகத்தை நகைக்குக் கலப்பதைவிட நீர்க்கக் கலந்து, குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஒவ்வொரு பல்லாகத் தொட்டேன். பல் கூசக் கூசக் கண்ணில் நீர் வழிய நீ அசையாமல் இருந்தாய். கறை போய்விட்டது. கண்ணாடியைக் காட்டியதும் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். துறைமுக ஜெட்டியில் அவள் படகிலிருந்து இறங்கியபோது வாய் நிறையச் சிரித்தாய். நான் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

சில மாதத்தில் பல்லின் பளபளப்புப் போய்ச் சொரசொரப்பு வந்தது. அந்தச் சொரசொரப்பில் தேநீர்க் கறையெல்லாம் ஒட்டிக்கொண்டது. மறுபடி வந்தாய். நான் மறுபடி தொட்டேன், அதற்குப் பிறகும் ஒருமுறை. நீதானே கேட்டாய் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். புட்டி என் கையில்தான் இருந்தது. பிறகு பச்சைத் தண்ணீர் பட்டாலே துடித்தாய். ஒரு பல் செத்து, தாடை வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்தும் காய்ச்சல் நிற்கவில்லை. இந்தப் பல்லில் திராவகம் வைத்தது யார் என்று டாக்டர் கேட்டார். உன் மனைவி தலைமாட்டில் நின்றாள், நான் கால்மாட்டில் நின்றேன்.

திறக்க முடியாத வாயால், என்னைப் பார்க்காமலே நீ சொன்னாய்: "ஜெட்டிப் பக்கம் ஒரு ஊர்சுத்தி வைத்தியன். ஆள் யாருன்னு தெரியாது."

மறுநாள் நீ போய்விட்டாய்.

இன்று நான் புட்டியை மூடி வைத்தேன். சுண்ணத்தூளையும் மெல்லிய தூரிகையையும் எடுத்து, உன் மோதிரத்தை மெதுவாகத் தேய்த்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வேலையில் பேசினாள்.

"அவரு பல்லு கறையா இருக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும், அண்ணே. கல்யாணம் பேசுறப்பவே எங்கண்ணன் கடுதாசி போட்டு இங்க ஆளுங்ககிட்ட விசாரிச்சுட்டாரு. தெரிஞ்சுதான் கப்பல் ஏறினேன்."

என் கை நின்றுவிட்டது. மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்காமல் யார் பெண்ணை அனுப்புவார்கள்? உனக்கும் எனக்கும் அது தோன்றவே இல்லை.

சிரித்துக்கொண்டிருந்த உன் முகத்தைப் பார்த்து அவளால் அதைச் சொல்ல முடியவில்லையாம். அவ்வளவு சந்தோஷமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாயாம். பிறகு, மூன்று வருஷமாக ஜெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் ஊர்சுற்றி வைத்தியர்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிப்பதாகச் சொன்னாள்.

"அவன் யாருன்னு உங்களுக்காவது தெரியுமா அண்ணே?"

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மோதிரம் என் விரல் நுனியில் இருந்தது.

"தெரியாது, தங்கச்சி," என்றேன்.

அவள் மோதிரத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ஜெட்டி இருக்கும் திசையில் நடந்தாள். அந்தப் பொய்யை நீ எனக்காகச் சொன்னாய். இன்று நானும் எனக்காகவே சொன்னேன்.