தெருவைவிட உயரமான வடிகால்

அன்புள்ள அக்கா,

காலையில் கதவைத் திறந்தால் தெருமுழுக்க பிளீச்சிங் பவுடர் வாசனை. உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் நம் பேரூராட்சிக் கவுன்சிலராக இருந்தபோது, வெள்ளம் வடிந்த மறுநாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பவுடர் வாளியோடு நீங்களே வந்து நிற்பீர்கள்.

ஐப்பசியின் முதல் பெருமழையில் குடையோடு ஏரிக்கரைத் தெருக்களைச் சுற்றுவீர்கள். துணைக்கு என்னையும் இழுத்துப் போவீர்கள். மழை விட்டதும், தண்ணீர் ஓடிய திசைக்கு மதில்களில் சிவப்புப் பெயின்ட்டால் அம்புக்குறி போடச் சொல்வீர்கள். "என் காம்பவுண்டை ஏன் அசிங்கம் பண்றீங்க?" என்று பேங்க் மேனேஜர் சண்டைக்கு வந்தார். "வூட்டுக்குள்ள தண்ணி வந்தா இதவிட அசிங்கமா இருக்கும் சார்" என்றீர்கள். அம்பு காட்டிய வழியில்தான் கால்வாய் தோண்டினார்கள். நிதி கொஞ்சம்தான், ஆனால் எங்கே தோண்டுவது என்பதை நம் ஊர் முடிவு செய்தது.

மாநகராட்சியோடு நம்மைச் சேர்த்த அன்று தெருவே லட்டு கொடுத்தது. நீங்கள் மட்டும், "இனிமே திட்டறதுக்கு யார் வாசலுக்குப் போவீங்க?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் கிடைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இப்போது நமக்கு கான்கிரீட் வடிகால் வந்திருக்கிறது. எங்கோ ஏசி அறையில் எல்லா ஊருக்கும் சேர்த்து வரைந்த டிசைன். தெருவைவிட ஒரு முழம் உயரம். தண்ணீர் அதற்குள் எப்படி ஏறும்? கட்டும்போதே கத்தினோம். "டிசைனை மாத்த எனக்கு பவர் இல்ல சார், ஹெட் ஆபீஸ்ல கேளுங்க" என்றார் வார்டு இன்ஜினியர். அங்கே போனால், "ஃபண்டு இந்த டிசைனுக்குத்தான் வந்திருக்கு, மேல கேக்கணும்" என்றார்கள். டெல்லி நமக்கு அதிகாரமும் நிதியும் தரவில்லை என்று நம் மாநில மந்திரிகள் மேடைதோறும் முழங்குகிறார்கள். நியாயம்தான். அந்த நியாயம் கோட்டையைத் தாண்டி ஏரிக்கரைக்கு ஏன் வருவதில்லை?

உங்கள் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சரின் கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். நேற்று தண்ணீர் அவர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. டீச்சர் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் நான்கு பேர் கடப்பாரையை எடுத்து வடிகால் சுவரை உடைத்தோம். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது.

இன்று இன்ஜினியர் வந்தார்.

"யாரைக் கேட்டு உடைச்சீங்க? யாரு உங்களுக்கு பவர் குடுத்தது?"

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்த வாய்தான். "யாரும் குடுக்கல தம்பி. நாங்க இங்க குடியிருக்கோம்" என்றேன்.

என்மேல் கேஸ் போடப் போகிறாராம். அதற்கு மட்டும் மேலே யாரையும் கேட்க வேண்டாமாம்.