காற்றுக்கு அடித்த முரசு

வெண்களர் காவல் கோபுரம்
மூன்றாம் மாதம், பதினெட்டாம் நாள்

என் அண்ணன் ஷென் மோ அவர்களுக்குத் தங்கை யிங் தலை தாழ்த்தி எழுதுவது. வசந்தம் வந்தும் இங்கே குளிர் விடவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அண்ணிக்கு என் வணக்கம்.

எட்டு வருடம் கழித்து எழுதுகிறேன். தண்டனைக் கைதியாக எல்லைக்கு வந்தவரை நான் மணந்தபோது, "இனிமே எனக்குத் தங்கச்சியே இல்ல" என்றீர்கள். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. என் கணவர் ஃபான் ஷு தண்டனை முடிந்து இந்தக் கோபுரத்துக்குத் தலைவராக இருந்தார். இப்போது நகரச் சிறையில் இருக்கிறார். நீதிமன்ற எழுத்தரான உங்கள் கைக்குத்தான் அவருடைய வழக்கு வரும். அதற்குள் நடந்ததை நடந்தபடி நீங்கள் அறிய வேண்டும்.

இம்மாதம் ஏழாம் நாள் காலையில் ஒன்பது பேர் நாணல் அறுக்கப் போனோம். கோபுரத்துக்குத் தென்கிழக்கே, வறண்ட ஆற்றுப் பள்ளத்தில்தான் நாணல் இருக்கிறது. வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. நண்பகல் நெருங்கும்போது, ஒட்டகக்காரி லுவோவின் கிழட்டு ஒட்டகம் தானாகவே மண்டியிட்டு, மூக்கை மணலுக்குள் புதைத்து முனகியது. "அரிவாளைக் கீழ போடுங்க! இது படுத்துச்சுன்னா காத்து வருதுன்னு அர்த்தம். இன்னும் ஒரு கட்டு, ரெண்டு கட்டுன்னு நின்னீங்க, அப்புறம் உங்களத் தோண்டித்தான் எடுக்கணும்" என்று லுவோ கத்தினாள்.

நிமிர்ந்து பார்த்தேன். வடமேற்கில் ஒரு மஞ்சள் சுவர் எழுந்து நின்றது. அதன் அடிப்பாகம் கறுப்பு. சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டே வந்தது. லுவோ எல்லாருக்கும் கம்பளித் துண்டைக் கிழித்துக் கொடுத்து மூக்கையும் வாயையும் கட்டச் சொன்னாள். நாணல் கயிற்றால் எங்களை இடுப்போடு இடுப்பாகப் பிணைத்தாள். ஒட்டகத்தின் வயிற்றோரம் குப்புறப் படுத்தோம். அப்புறம் பகல் என்ற ஒன்று இல்லாமல் போனது. என் கையை என் கண்ணுக்கு முன்னால் வைத்தும் எனக்குத் தெரியவில்லை.

தெங் சகோதரர்கள் இருவரும் கயிற்றை அறுத்துக்கொண்டு, மிரண்டு ஓடிய மாட்டு வண்டியின் பின்னால் போனார்கள். வண்டி அரசாங்கத்தது. தொலைந்தால் கசையடி. அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வாயெல்லாம் மண்.

மணல் முதுகில் ஏறிக்கொண்டே இருந்தது. எழுந்து உதறுவோம், படுப்போம். மறுபடி மூடும். மூன்றாவது தடவை என்னால் எழ முடியவில்லை. லுவோ என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள். "இங்கயே கெடந்தா சமாதிதான். ஆனா எந்தப் பக்கம்னு தெரியாம ஒரு அடி வைக்கக் கூடாது" என்றாள். அப்போதுதான் முரசு கேட்டது. காற்று வரும் திசையிலேயே கோபுரம் இருந்ததால், காற்றே அந்த ஓசையைத் தூக்கி வந்து எங்களிடம் போட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சில இடங்களில் தவழ்ந்தும், அந்த ஓசையை நோக்கியே போனோம். ஏழு பேர் போய்ச் சேர்ந்தோம்.

கோபுரத்தில் நடந்ததை வீரர்கள் பிறகு சொன்னார்கள். என் கணவர் முதலில் மேல்தளத்தில் விளக்கு ஏற்றிப் பார்த்திருக்கிறார்; காற்றில் சுடர் நிற்கவில்லை. பிறகு முரசிடம் போயிருக்கிறார். எதிரிகளான சியோங்னுக்களின் குதிரைகள் வந்தாலன்றி அதைத் தொடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். "தலைவரே, அத அடிச்சீங்கன்னா தலை போயிடும்" என்று ஒரு வீரர் தடுத்தாராம். "தலை என்னோடது. நீ கோலை எடு" என்றாராம் இவர். நாங்கள் வாசலுக்கு வந்தபோது முரசுத் தோலில் ரத்தம் இருந்தது. அவருடைய உள்ளங்கையில் தோல் இல்லை.

பக்கத்துக் கோபுரத்தினர் அதைக் கேட்டுத் தங்கள் முரசை அடித்தார்கள். அங்கிருந்து அடுத்தது. மாலைக்குள் நகர வாயில்கள் அடைக்கப்பட்டன. முந்நூறு குதிரைகள் புழுதிக்குள் புறப்பட்டன. கௌ லின் என்ற இருபத்திரண்டு வயது வீரர் குதிரையோடு பள்ளத்தில் விழுந்து இறந்தார். இதை நான் மறைக்க மாட்டேன். ஏழு பேர் பிழைத்ததையும் அவர் இறந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காற்று இரவும் நிற்கவில்லை. காற்றுத் தேவனுக்குப் பலி கொடுக்க வேண்டும் என்றார்கள். கோபுரத்துக் காவல் நாயை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. தெங் சகோதரர்கள் இன்னும் வெளியே இருந்தார்கள், அண்ணா, வேறு என்ன செய்வேன்? அதன் ரத்தத்தை வாசலில் பூசினோம். மறுநாள் மதியம்தான் வானம் தெரிந்தது. மூத்தவரின் உடல் கிடைத்தது. இளையவர் இன்னும் கிடைக்கவில்லை.

நகரத்தில் காற்றை வைத்துக் குறி பார்க்கும் அதிகாரி, "வடமேற்கிலேர்ந்து மண்ணோட வந்த காத்து. கீழ இருக்கறவன் மேல இருக்கறவனை ஏமாத்துறான்னு வானம் காட்டுது" என்று சொன்னாராம். பொய் முரசு அடித்தவர்தான் அந்த ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மனைவிக்காக அரசின் முரசை அடித்தார் என்றும் சொல்கிறார்கள். நான் வெளியே இருந்தது அவருக்குத் தெரியும். எனக்காக அடிக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

நான் உங்களைப் பொய் எழுதச் சொல்லவில்லை. காற்று நண்பகலில் வந்தது. முரசு அதற்கு ஒரு நாழிகைக்குப் பிறகு ஒலித்தது. பிறகு நடந்த குற்றத்துக்காக வானம் முன்கூட்டியே காற்றை அனுப்புமா? இந்த நேரக் கணக்கை மட்டும் உங்கள் கையால் ஏட்டில் எழுதுங்கள். எனக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் நீங்கள். வேறு யாரிடம் கேட்பேன்?

தங்கை யிங், இருமுறை வணங்கி.

*

வெண்களர்
எட்டாம் மாதம், மூன்றாம் நாள்

அண்ணன் அவர்களுக்கு யிங் வணங்கி எழுதுவது.

உங்களிடமிருந்து பதில் இல்லை. ஆனால் அஞ்சல் குதிரைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். நேரக் கணக்கை நீங்கள் எழுதியதோடு நிற்காமல், சபையில் எழுந்து வாசித்தீர்களாம். குறி பார்க்கும் அதிகாரி முகம் சிவந்து, "எழுத்தர் வேல எழுதறது, பேசறது இல்ல" என்றாராம். நீங்கள் உட்காரவில்லையாம். அதற்காக உங்களைத் தெற்கே, உப்புக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார். ஈரக் காற்று உங்கள் முழங்காலுக்கு ஆகாது.

என் கணவரின் தலை தப்பியது. முடியை மழித்து, கழுத்தில் இரும்பு வளையம் மாட்டி, ஐந்து வருடம் மதில் வேலை. நாணலும் களிமண்ணும் மாற்றி மாற்றி அடுக்கி, இடித்து இறுக்குகிறார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை தினை அடை கொண்டுபோகிறேன். கை ஆறிவிட்டது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை.

போன மாதம் எல்லாக் கோபுரங்களுக்கும் புது உத்தரவு வந்தது. பெருங்காற்று வந்தால் ஒரு அடி, பத்து மூச்சு இடைவெளி, மறுபடி ஒரு அடி. அது எதிரிக்கான முரசு அல்ல என்று எல்லாரும் அறிந்துகொள்ள வேண்டும். தளபதியின் யோசனை என்று போட்டிருந்தது. என் கணவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "யாரு பேரு இருந்தா என்ன. பத்து மூச்சு ரொம்ப அதிகம், ஆறு போதும்னு யாரையாவது அவங்ககிட்ட சொல்லச் சொல்லு" என்றார்.

கௌ லின்னின் தாயைப் பார்க்கப் போனேன். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை திறந்து, நான் யார் என்று கேட்டுவிட்டு மூடினாள். மூன்றாம் தடவை, "நீ உசுரோட இருக்க. என் புள்ள இல்ல. இதுல நீ என்கிட்ட என்ன பேசப் போற?" என்றாள். அவள் வீட்டின் வடக்குச் சுவர் பாதி மணலில் புதைந்திருந்தது. மண்வெட்டியை எடுத்து வெட்டத் தொடங்கினேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் ஒரு கிண்ணம் வெந்நீர் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். இப்போது வாரம் ஒருமுறை போகிறேன். இன்னும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் எழுதிய மரச் சீவல்களோடு இரண்டு கம்பளிக் காலுறைகள் அனுப்புகிறேன், முழங்கால் வரை வரும். சரியாக இல்லாவிட்டால் பிரித்துப் பின்னுகிறேன். என்ன அளவு என்று நீங்கள்தான் எழுத வேண்டும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம், அண்ணா. அளவு மட்டும் எழுதுங்கள். மேலே "தங்கைக்கு" என்று போட்டு எழுதுங்கள்.

நீங்களும் அண்ணியும் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும்.

யிங்