அவிழ்க்காத முடிச்சு

அன்புள்ள பொன்செல்விக்கு,

துபாயில் நான் நலம். ராஜபாளையத்தில் மழையாமே, பச்சை உடம்போடு நனையாதே. நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

கம்பெனி விழாவில் எங்களை இரண்டு இரண்டு பேராகக் கயிற்றால் பிணைத்து, முடிச்சை அவிழ்க்காமலே பிரிந்து வரச் சொன்னார்கள். எனக்கு நம் கல்யாண ஞாபகம். உன் காப்புக் கயிற்றை அவிழ்த்தது போலவே ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். ஆட்டம் செல்லாது என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு என் காப்போடு நீ மல்லாடிக்கொண்டே, "செத்த பொறுங்க, அவுத்துருவேன்" என்றாயே. அந்தக் குரலைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. பிறந்ததுமே போய்விட்ட நம் பிள்ளைக்கு வாங்கிய அரைஞாண் கயிறு கட்டாமலே கிடக்கும். தூரப் போட்டுவிடாதே. உன் கையால் அதில் ஒரு முடிச்சுப் போட்டு எனக்கு அனுப்பு. அதை நான் அவிழ்க்க மாட்டேன்.

உன்,
கருத்தபாண்டி