உன் பாட்டைக் கேட்டு ஊர் அழுது வந்தது

அக்கராயன்
19.08.2024

அன்பு மகள் சுகந்தினிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, ஒரு வரி மேலே ஏறும் ஒரு வரி கீழே இறங்கும், அப்பாவை மன்னித்துக்கொள். மண்வெட்டி பிடித்த கை பேனாவையும் அப்படியே அழுத்துகிறது, இரண்டு தாள் கிழிந்துவிட்டது. ஆனாலும் இது முழுக்க நானே எழுதியது, ஒருவரிடமும் சொல்லி எழுதுவிக்கவில்லை. பொதுநோக்கு மண்டபத்தில் முதியோருக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்புக்கு ஏழு மாதம் போனது வீண் போகவில்லை. இங்கே நானும் இரண்டு பசுவும் சுகம். ரொறன்ரோவில் நீயும் சுகமாக இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன்.

முதலில் ஒரு பொய்யைச் சொல்லிவிட வேண்டும். நீ பாடி அனுப்பிய இசைத்தட்டை இரண்டு தரம் கேட்டேன் என்று தொலைபேசியில் சொன்னேனே, கேட்கவில்லை. போடுவதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை. அட்டையில் உன் படத்தைப் பார்த்துவிட்டு அலுமாரியில் அம்மாவின் சேலைக்கு மேல் வைத்திருந்தேன். எந்தப் பாட்டு பிடித்தது என்று நீ கேட்டபோது எல்லாமே என்றேன், நீ சரியப்பா என்று போனை வைத்துவிட்டாய். அது என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. அதனால் நேற்றுக் காலை, கோவிலுக்கு ஸ்பீக்கர் கட்டுகிற குகதாசனைக் கூப்பிட்டேன். மெசினைக் கொண்டுவந்தவன் சும்மா இருக்காமல் குழாய் ஸ்பீக்கரையும் வேப்பமரத்தில் ஏற்றி, ஊரும் கேக்கட்டும் அண்ணை என்றான். எனக்கும் பெருமை, ஓம் கட்டு என்றேன். உன் பாட்டுக்கு நாற்பது பேர் வாத்தியம் வாசிக்கிறார்கள் என்று சொன்னாயே, முதலில் அவர்களின் வயலின்தான் வந்தது, மெதுவாக இழுத்து இழுத்து, உன் குரல் வரவே இல்லை. திருவிழா இல்லாத நாளில் ஒரு வீட்டிலிருந்து இப்படி வயலின் கேட்டால் இங்கே அது செத்த வீடுதான் என்பது எங்கள் இருவருக்கும் அந்த நேரம் மூளையில் வரவில்லை. தனியே கிடந்த கிழவன் போய்விட்டான் என்று ஊர் புறப்பட்டுவிட்டது. பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி தேயிலையும் சீனியும் எடுத்துக்கொண்டு அழுதபடி வந்தாள். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் மூன்று வருடமாக என்னோடு பேசாத மயில்வாகனம் படலையிலேயே ஐயோ என்ர ராசரத்தினம் என்று கதறினான். கதிரையில் இருந்த என்னைக் கண்டதும் தோள் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருக்கிறாய்தானே, பிறகு என்ன கோதாரிக்கு இந்த ஒப்பாரி என்று ஏசினான். அப்போதுதான் நீ பாடத் தொடங்கினாய். எங்கட சுகந்தினியெல்லோ இது என்றாள் ஞானேஸ்வரி. ஏசியவனும் இருந்துவிட்டான். முப்பது பேர் முற்றத்தில் இருந்து, செத்த வீட்டுக்கென்று வந்த தேயிலையிலேயே தேத்தண்ணி குடித்துக்கொண்டு கடைசிப் பாட்டு வரை கேட்டார்கள். வெள்ளைக்காரப் பாஷை, ஒரு சொல்லும் விளங்கவில்லை. காதல் பாட்டாம் என்றேன். இப்பிடி இழுத்து இழுத்துச் சொன்னா அவன் வேற பஸ் ஏறிப் போயிடுவான் என்றான் மயில்வாகனம், எல்லோரும் சிரித்தார்கள். எந்தப் பாட்டு என்று கேட்டாயே, இப்போது உண்மையாகச் சொல்கிறேன், நாலாவது. அதில் வாத்தியம் எல்லாம் நின்ற இடத்தில் நீ மூச்சு இழுக்கிறாய். தொலைபேசியில் உன் மூச்சு கேட்பதில்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு கேட்டேன்.

எல்லோரும் போன பிறகு இரவல் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இருந்தேன், சுற்றிவர ஒரு சத்தமும் இல்லை. நான் போனால் யார் யார் வருவார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டேன் மகள், நீ மட்டும்தான் இல்லை. அம்மா போனபோது உனக்கு விசா இல்லை, கைபேசிக்குள் இருந்து அழுதாய், அதைக் குறை சொல்லவில்லை. இப்போது எல்லாம் இருக்கிறது, அடுத்த வருடம் அடுத்த வருடம் என்கிறாய். தொலைபேசியில் இதைச் சொல்ல என்னால் முடியாது, ஞானேஸ்வரி தன் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள், நானும் சுகம் சுகம் என்று முடித்துவிடுவேன். அதற்குத்தான் எழுத்துப் படித்தேன். அவர்கள் நான் செத்தேன் என்று வந்தவர்கள். நீ நான் இருக்கும்போது வா.

பாடுகிற தொண்டை, ஐஸ் தண்ணீர் குடிக்காதே, கொத்தமல்லி அவித்துக் குடி. பிள்ளையாரும் அம்மாவும் உனக்குத் துணை நிற்பார்கள். வருகிற திகதியைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, நானே வாசிக்க வேண்டும். அன்றைக்கும் குகதாசனிடம் அதே தட்டைத்தான் போடச் சொல்வேன், ஊர் ஓடி வரட்டும். திகதி வரும்வரை கிழமைக்கு ஒரு கடிதம் வந்துகொண்டே இருக்கும், அடுத்த கிழமைக்குத் தாள் வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
இம்முறை கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும் உன் அப்பா
ராஜரத்தினம்