மாற்றிய முன்பதிவு

டேய் தடியா,

நீ சொன்னபடி நம் ஊர் கேம் கடைக்குப் போனேன். அடுத்த மாதம் வரப்போகிற உன் கேமின் முன்பதிவை, டிவியில் மாட்டி ஆடும் கன்சோலிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொன்னேன். கன்சோல்தான் உயிர் என்று பத்து வருடம் என்னோடு மல்லுக்கு நின்றவன் இப்படிக் கட்சி மாறிவிட்டானே என்று கடைக்காரரிடம் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"தம்பி போன்ல கேட்டாருங்க, எதுல ஒரு கையால ஆட முடியும்னு. கன்சோலுக்கு ரெண்டு கையும் வேணும், கம்ப்யூட்டர்னா சமாளிக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

"யாருக்காம்?"

"அவருக்குத்தான்னாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

ரசீதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கடை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொழிற்சாலையில் கையில் மெஷின் பட்டபோது "சின்னக் கீறல்தான்க்கா" என்றாய். போன் கேமரா உடைந்துவிட்டது, முகம் பார்த்துப் பேச முடியாது என்றாய். நான்கு மாதமாக நம்பினேன். போன வாரம் நீ அனுப்பிய பார்சலில் என் முகவரி கோழிக் கிறுக்கலாக இருக்கிறது என்று திட்டினேனே, அது இடது கையால் எழுதியதா? பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

போனில் கேட்டால் இன்னொரு கதை சொல்லி மழுப்புவாய். அதனால்தான் எழுதுகிறேன். லீவு சொல்லிவிட்டேன், அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன்.

சின்ன வயதில் ஒரு நாளாவது கன்ட்ரோலரை என் கையில் கொடுத்திருப்பாயா? இனி கீபோர்டு உன் இடது கைக்கு. மவுஸை நான் பிடிக்கிறேன். குறி தவறினால் கத்தாதே.

அக்கா